நன்கொடைக்காக முதல் மாரத்தான்: திருநெல்வேலியிலிருந்து ஓடக் கிளம்புகிறவர்களுக்கு

42.195 கிலோமீட்டர் ஓடுவது கஷ்டம் என்று எல்லோருக்கும் தெரியும். அதையே ஒரு நல்ல காரியத்துக்காக, நாலு பேரிடம் காசு வாங்கிக்கொண்டு ஓடும்போது சேருகிற கஷ்டத்தைப் பற்றி முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. தனக்காக ஓடுகிறவன் முழங்கால் வலித்தால் நின்றுவிடுவான். "டயாலிசிஸ் நோயாளிகளுக்காக ஓடுகிறேன்" என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லி வைத்தவன் நிற்க மாட்டான். காய்ச்சலோடு ஓடுவான், எலும்பில் விரிசலோடு ஓடுவான், வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுவான். நல்ல காரியத்துக்கு ஓடப்போய் உடம்பைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். அதனால் ஷூ வாங்கும் முன்பே, பணம் கேட்டு அனுப்பப்போகிற செய்தியை எழுதி வைத்துவிடுங்கள். அதில் ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும்: "நான் ஓடி முடித்தாலும் முடிக்காவிட்டாலும் உங்கள் பணம் டயாலிசிஸ் நோயாளிகளுக்கான இல்லத்துக்குப் போய்ச் சேரும்." கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று யாராவது பந்தயம் போல வாக்குக் கொடுக்க வந்தால், வேண்டாம், மொத்தமாகக் கொடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். ஜனவரியில் வரும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகும்போது, இந்த ஒரு வரி டிசம்பரில் உங்கள் காலைக் காப்பாற்றும்.

பணம் கேட்பது நெல்லைச் சீமைக்குப் புதிதில்லை. கோயில் கொடைக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களுக்கு இந்த வேலை பாதி தெரியும். நோட்டின் முதல் பக்கத்தில் யார் பெயர், எவ்வளவு தொகை என்பதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கை நீளும். முதல் வரியில் 100 என்று விழுந்தால் பத்தாவது வரியிலும் 100தான் விழும். ஆகவே 5,000 தரக்கூடிய மாமாவிடமோ சித்தப்பாவிடமோ முதலில் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லோரும் கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஆளாளுக்குப் பெயர் சொல்லித் தனித்தனியாக அனுப்பினால்தான் பணம் வரும். "ஏன் அண்ணாச்சி, நீங்க ஓடுததுக்கு நான் எதுக்குத் துட்டு குடுக்கணும்?" என்று ஒருவராவது கேட்பார். நியாயமான கேள்விதான். நுழைவுக் கட்டணம், ரயில், அறை எல்லாம் என் கைக்காசு, நீங்கள் தருவது பைசா குறையாமல் இல்லத்துக்கு என்று பதில் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாதென்றால் கேட்கவே கேட்காதீர்கள். கைக்காசு என்றால் சின்னத் தொகை இல்லை. இரண்டு ஜோடி ஷூ, நுழைவுக் கட்டணம், சென்னைக்குப் போய்வர ரயில், இரண்டு ராத்திரி அறை, சாக்ஸ், ஓடும்போது விழுங்குகிற மாவுச்சத்து ஜெல், ஓஆர்எஸ் எல்லாம் சேர்த்து என் கணக்கில் 20,000 முதல் 25,000 ரூபாய் வரை போகும். வீட்டில் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நுழைவுக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது.

எந்தக் காரணத்தைக் கொண்டும் பணத்தை உங்கள் சொந்த யுபிஐ எண்ணுக்கு வாங்காதீர்கள். வாங்கினால், கொடுத்தவர்களுக்கு ரசீது போகாது, உங்கள் கணக்கில் காரணம் தெரியாத வரவு குவியும், பின்னால் யாராவது ஒருவர் வாய் கோணிப் பேசுவதற்கும் வழியாகும். இல்லத்தை நடத்துகிற நிறுவனத்தின் கணக்கு எண்ணையோ கியூஆர் குறியையோ நேரடியாக அனுப்பி, பணம் போட்டவர்களிடம் பரிமாற்ற எண்ணை மட்டும் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நிறுவனத்துக்கு, நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை தருகிற 80ஜி பதிவு உண்டா, இன்னும் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதற்கு வரிச் சலுகை கிடையாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. இதை மறைத்துவிட்டு "வரி மிச்சமாகும்" என்று ஆசை காட்டினால் மார்ச் மாதம் போன் வரும். வெளிநாட்டுப் பணம் இன்னும் சிக்கல். துபாயில் வேலை பார்க்கிற மைத்துனர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட அத்தை அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை வாங்க அனுமதிக்கும் எஃப்சிஆர்ஏ பதிவு இல்லாத நிறுவனம் அதைத் தொடவே கூடாது. நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருப்பதால் இது அடிக்கடி வரும். வசூலை நவம்பர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். டிசம்பரில் 30 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து சாயங்காலம் யாரையும் போனில் கெஞ்சத் தெம்பிருக்காது, எரிச்சல்தான் வரும்.

இனி ஓட்டம். சென்னை மாரத்தான் ஜனவரியில் வரும். 18 வாரம் பின்னோக்கி எண்ணினால் ஆவணி நடுவில், அதாவது செப்டம்பர் முதல் வாரத்தையொட்டித் தொடங்க வேண்டும். ஆனால் தொடங்கும் நாளில் நிற்காமல் 10 கிலோமீட்டர் ஓடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த நிலைக்கு வர, செப்டம்பருக்கும் முன்னால் மூன்று மாதம் வேண்டும். 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், வீட்டில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் டாக்டரைப் பார்த்து ஈசிஜியும், அவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும்.

ஷூவைச் சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் கொஞ்சம் வீங்கி நிஜ அளவில் இருக்கும். நின்றபடி பார்த்தால் கட்டைவிரல் முனைக்கும் ஷூவுக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். அளவு சரியாகக் கவ்விப் பிடித்தால் 25 கிலோமீட்டருக்கு மேல் நகத்தின் கீழே ரத்தம் கட்டி நகம் கறுத்துப் பிய்ந்துவிடும். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். பயிற்சி மொத்தமும் அந்த அளவுக்கு வந்துவிடுவதால், அக்டோபர் கடைசியில் அதே மாடலில் இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுங்கள். போட்டிக்கு அந்த இரண்டாவது ஜோடி, குறைந்தது 50 கிலோமீட்டர் ஓடிப் பழகியதாக.

வாரத்துக்கு நான்கு நாள் போதும். இரண்டு நாள் மெதுவாக 6 முதல் 8 கிலோமீட்டர், ஒரு நாள் கொஞ்சம் வேகம் கலந்து 8 முதல் 10, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். நீண்ட ஓட்டத்தை வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோமீட்டராகக் கூட்டி, நான்காவது வாரம் கால்பங்கு குறைத்து, மறுபடி ஏறி, போட்டிக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32-இல் முடிக்க வேண்டும். முழுத் தூரத்தையும் ஒருமுறை ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம், அதிலிருந்து கால் தேறுவதற்குள் போட்டி வந்துவிடும். மெதுவாக என்றால் நிஜமாகவே மெதுவாக, பக்கத்தில் ஓடுகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். முதன்முறை ஓடுகிறவர்கள் பெரும்பாலும் கெடுவது இங்கேதான். எல்லா நாளும் நடுத்தர வேகத்தில் ஓடி, வேகமும் ஏறாமல் காலும் தேறாமல் நவம்பரில் சோர்ந்து விழுவார்கள். இரண்டு நாள் கால் வலுவுக்கு ஒதுக்குங்கள். படி விளிம்பில் ஒற்றைக் காலில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குவது 15 தடவை, மூன்று சுற்று. அதோடு உட்கார்ந்து எழும்புவது, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது. கால்மணி நேர வேலைதான், ஆனால் முழங்கால் வலியில் பாதி இதிலேயே அடங்கும்.

எங்கே ஓடுவது? வார நாளுக்குப் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானமும் அதைச் சுற்றிய தெருக்களும் போதும். நீண்ட ஓட்டத்துக்குச் சாலைக்கு வந்தாக வேண்டும். செப்டம்பரிலும் நம்மூரில் மேற்கத்திக் காற்று விட்டபாடில்லை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற காற்று ஏழு மணிக்கு மேல் நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். ஆகவே முதல் பாதியை மேற்கே வையுங்கள்: டவுன், பேட்டை, சுத்தமல்லி என்று காற்று எழும்பும் முன் எதிர்த்துப் போய்விட்டு, திரும்பும்போது முதுகில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மாற்றிச் செய்தால் கடைசி 10 கிலோமீட்டர் வெயிலிலும் எதிர்காற்றிலும் போய்விடும். காலை நாலரைக்குக் கிளம்பினால் இருட்டு. சாலையின் வலது ஓரத்தில், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். மணல் லாரி பின்னாலிருந்து வருவது காதுக்குத் தெரிந்தாலும் எவ்வளவு ஒட்டி வருகிறது என்று தெரியாது. ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கும். நெற்றி விளக்கும் வேண்டும், ஆற்றோரப் பாதையென்றால் பாம்புக்காகவும். நாய் துரத்தினால் ஓடாதீர்கள், நின்று அதைப் பார்த்தபடி நடங்கள். கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதல் நாள் ஊசியோடு 3, 7, 28-ஆம் நாள் ஊசிகளையும் விடாமல் போட வேண்டும். மார்கழி பிறந்தால் இந்தத் தொல்லைகள் பாதி குறையும். நாலரைக்கே கோயில் ஒலிபெருக்கியும் வாசலில் கோலமாவுக் கிண்ணமுமாக ரத வீதி விழித்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கை ஊகத்தில் போடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓடும் முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பாருங்கள். 68.4 கிலோ இருந்தது 67.5 ஆகி, நடுவில் 300 மில்லி குடித்திருந்தால் மணிக்கு 1.2 லிட்டர் வேர்வை. ஐந்து மணி நேரம் ஓடுகிறவருக்கு 6 லிட்டர் போகும். கடைசியில் எடையில் இரண்டு கிலோ குறைந்தால் பெரிய பாதகமில்லை, ஆக 4 லிட்டர், மணிக்கு 800 மில்லி குடிக்க வேண்டும். இதைவிடக் கூடுதலாக வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வரும், குடிக்க அவர்களுக்கு நேரம் நிறைய இருக்கிறதே. உப்புக்கு மருந்துக்கடை ஓஆர்எஸ் பாக்கெட்டே போதும். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு என்று போட்டிருந்தால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். கால் லிட்டர் பாட்டிலில் முழுப் பாக்கெட்டையும் கொட்டினால் வயிறு கலக்கி ஓட்டமே நின்றுவிடும். அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானங்கள் வேறு, ஓஆர்எஸ் வேறு.

தீனிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு ஜெல்லில் 22 முதல் 25 கிராம் இருக்கும், விலை நூறு ரூபாய்க்கு முன்பின். ஜெல் பிடிக்காதவர்களுக்குக் கருப்பட்டி நல்ல மாற்று. 10 கிராம் துண்டுகளாக உடைத்து வெண்ணெய்த்தாளில் தனித்தனியாகச் சுற்றுங்கள், ஒன்றாகப் போட்டால் வேர்வையில் ஒரே கட்டியாகிவிடும். ஒரு துண்டை வாயில் ஒதுக்கித் தண்ணீரோடு கரைத்து விழுங்கினால் ஏறக்குறைய 9 கிராம் சர்க்கரை உள்ளே போகும். கோவில்பட்டி கடலைமிட்டாயை ஓடி முடித்த பிறகு தின்னுங்கள். ஓடும்போது கொழுப்பு மெதுவாகச் செரிக்கும், காய்ந்த வாயில் கடலைத்தூள் தொண்டையில் நிற்கும். எதுவானாலும் 16 கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஞாயிறும் பழகியிருக்க வேண்டும், வயிறும் பயிற்சிக்கு வந்தாக வேண்டிய உறுப்புதான்.

தூரம் உச்சத்துக்கு ஏறுகிற நவம்பரில்தான் நமக்கு வடகிழக்குப் பருவமழையும் உச்சம். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, தாமிரபரணி பெருகி நெல்லை, தூத்துக்குடி இரு மாவட்டமும் மிதந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படியொரு வாரம் வந்தால் ஓட்டத்தை விட்டுவிடுங்கள், அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம். 18 வாரத்தில் இரண்டு வாரம் போனால் ஒன்றும் குடிமுழுகாது. மழையோடு டெங்குவும் வரும். காய்ச்சல் உள்ளபோது ஓடவே கூடாது, வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் பாதிக்கலாம். விட்ட பிறகும் ஒரு வாரம் பொறுத்து, நடையில் தொடங்குங்கள். டெங்கு என்று தெரிந்தால் டாக்டர் சொன்ன பிறகுதான்.

வலியிலும் இனம் உண்டு. இரு காலிலும் தசை பிடித்தது போல் பரவலாக வலித்து, ஓட ஓடக் குறைந்தால் பயமில்லை. காலையில் கட்டிலை விட்டு வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஊசி குத்தினால் அது பாதத் தசைநார்க் கோளாறு; பாதத்துக்கு அடியில் பந்தை உருட்டி, கெண்டைக்காலை இழுத்துவிட்டு, தூரத்தைக் குறைக்க வேண்டும். முழங்காலின் வெளிப்பக்கம் ஒரே தூரத்தில் வந்து நிற்கிற வலி பெரும்பாலும் இடுப்புத் தசை பலமில்லாததால் வருவது. முன்னங்காலில் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் எலும்பு வலித்து, ஒற்றைக் காலில் குதித்தால் துடித்தால், அன்றோடு ஓட்டம் நிற்க வேண்டும், எலும்பு டாக்டரைப் பார்க்க வேண்டும். முதல் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலும் போகலாம். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு ஓடுவதை நான் ஒருநாளும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டத்தைக் குறைத்துவிடும். டயாலிசிஸ் செலவுக்குப் பணம் திரட்ட ஓடுகிறவர் அந்த மாத்திரையை விழுங்குவது என்ன நியாயம்?

கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைக்கும்போது மனசு கிடந்து தவிக்கும், இல்லாத வலியெல்லாம் தோன்றும். பொருட்படுத்தாதீர்கள். ஜனவரி முதல் வாரம் விடுமுறை முடிந்து சென்னைக்குத் திரும்புகிற கூட்டத்தில் ரயில் டிக்கெட் கிடைக்காது. முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும், அன்றைக்கே போட்டுவிடுங்கள். திரும்பும்போது கீழ்ப் படுக்கை, மேலே ஏற முடியாது. ஓட்ட எண் பட்டையைப் போட்டியன்று தர மாட்டார்கள், அடையாள அட்டையோடு முந்தைய நாளே நேரில் வாங்க வேண்டியிருக்கும். வெள்ளி ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சனிக்கிழமை வாங்கிவிட்டுக் காலை நீட்டலாம். அந்த இரண்டு நாளும் சோறு, இட்லி, இடியாப்பம், வாழைப்பழம் என்று மாவுச்சத்தைக் கூட்டுங்கள். சொதியும் சுண்டலும் வேண்டாம். தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும், சுண்டல் காற்றை உண்டாக்கும்.

ஓட்டம் விடியலுக்கு முன் தொடங்கும். இரண்டு மணி நேரம் முன்பாக மூன்று இட்லியும் சர்க்கரையும், அல்லது ரொட்டியும் ஜாமும். தொடை இடுக்கு, அக்குள், பாதவிரல் இடுக்கில் வாசலைன் தடவுங்கள். தேங்காயெண்ணெய் வேர்வையோடு வழிந்துவிடும். ஆண்கள் மார்க்காம்பில் மைக்ரோபோர் டேப் ஒட்டாவிட்டால் 30-ஆவது கிலோமீட்டரில் பனியனில் ரத்தக்கறை தெரியும். பருத்திப் பனியன் ஆகவே ஆகாது. நம்மூரில் வேர்வையைக் காற்று உலர்த்திவிடும். சென்னைக் கடலோரத்தில் உலராது, உடம்பு சூடு இறங்காது, ஆகவே திட்டமிட்டதைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 விநாடி மெதுவாகப் புறப்படுங்கள். 5 மணி நேரத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடி என்று கணக்கு சொல்லும். ஆனால் வளைவுகளில் வெளிப்பக்கம் ஓடி ஓடி உங்கள் ஜிபிஎஸ் வாட்ச் 42.6 காட்டும், அதனால் 7 நிமிடத்துக்குத் திட்டமிட வேண்டும். ஒன்பது நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பதைத் தொடக்கத்திலிருந்தே செய்தால் கடைசிவரை கால் தாங்கும். அடித்துப்போட்டது போல் ஆன பிறகு நடக்கத் தொடங்கினால் பயனில்லை. முதல் 10 கிலோமீட்டரில் எல்லோரும் உங்களைத் தாண்டிப் போவார்கள், போகட்டும். உடம்பில் சேமிப்பாக இருக்கிற மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரி. 70 கிலோ ஆள் மாரத்தானுக்குச் செலவழிப்பது 2,900-க்கு மேல். வேகமாகத் தொடங்கியவருக்கு 30, 32-இல் அது தீர்ந்துபோகும். காலில் ஈயத்தை ஊற்றியது போலிருக்கும், காரணமில்லாமல் அழுகை வரும், பணம் கொடுத்தவர்கள் முகமெல்லாம் கண்ணில் வந்து நிற்கும். நடங்கள், ஏதாவது இனிப்பை விழுங்குங்கள், ஐந்து நிமிடத்தில் கொஞ்சம் தெளியும். ஆனால் தலை சுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு அனலாகக் கொதித்தால் அது வேறு, வெப்பத்தாக்கு. அதோடு ஓட்டம் முடிந்தது. படுக்க வைத்து, தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றி, ஐஸ் வைத்துச் சூட்டை இறக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். துணைக்கு வருகிற ஆளிடம் இதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

முடித்ததும் பத்து நிமிடம் நடந்து, அரை மணிக்குள் ஏதாவது சாப்பிடுங்கள். சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. ரயிலில் மணிக்கொரு தரம் எழுந்து நடங்கள். இரண்டாம் நாள்தான் வலி உச்சத்தில் இருக்கும், அழுத்தி எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று வருகிறவர்களை இரண்டு நாள் கிட்டே விடாதீர்கள். ஒரு வாரம் ஓட்டம் கிடையாது. அந்த வாரத்தில் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் மொத்தம் எவ்வளவு சேர்ந்தது, நிறுவனம் எந்தத் தேதியில் பெற்றது என்று எழுதி அனுப்புங்கள், பதக்கப் படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வரிச் சலுகை கேட்டவர்களின் பான் எண் நிறுவனத்தின் கையில் இருக்கிறதா என்று மார்ச்சுக்குள் சரிபாருங்கள். வரிச் சலுகைக்குக் காட்ட வேண்டிய 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் மே 31-க்குள் வர வேண்டும், அது ஒவ்வொருவர் கைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று ஜூனில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.